பதினேழாம் பக்கம்

பதினேழாம் பக்கத்துக்கு இன்னும் பதினான்கு பக்கம் இருந்தது. மேடையில் எட்டுப் பேர் வரிசையில் நின்று ஒருவர் முதுகை ஒருவர் முட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே, நான்காவது வரிசை நாற்காலியில், இந்திராணி மூன்றாம் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அனுமதி அதிகாரியின் பென்சில் எங்கே போகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். பென்சில் நல்ல பென்சில், ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரு சின்னச் சரி போட்டுக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பகல் இரண்டு மணி. வெளியே கோலாலம்பூர் வெயிலில் வெந்துகொண்டிருக்க, மண்டபத்துக்குள் குளிர்சாதனம் பல்லைக் கிட்ட வைத்தது. அதிகாரியின் பெயர் ரோஹானா, மலாய் மரியாதைக்குப் புவான் ரோஹானா. ஐம்பது வயது இருக்கும், தலையில் சாம்பல் நிறத் துணி, மடியில் தாள்களைப் பார்க்க ஒரு குட்டி விளக்கு. வந்ததும் வராததுமாகச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார், ஆடுகிற இடம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல. கொண்டுவந்த கறிபாப் பலகாரத்தைப் பாதியாகப் பிட்டு இந்திராணிக்குக் கொடுத்தார். இந்த மாதிரி ஒருத்தரை வெறுப்பது எவ்வளவு சிரமம். காலையிலிருந்து இந்திராணி முயன்று பார்க்கிறாள், முடியவில்லை. இவர் கொஞ்சம் கடுகடுவென்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இன்றைக்கு நடக்கப்போவதற்கு ஒரு ஆள் கிடைத்திருப்பார். நடக்கப்போவது என்ன என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பதினேழாம் பக்கம் வரும், அவ்வளவுதான் தெரியும்.

நிகழ்ச்சிக்கு ‘வரிசை’ என்று பெயர். பேச்சும் ஆட்டமும் கலந்தது. நான்கு மொழியில் பேசுவார்கள், ஒருவர் பேசும்போது இன்னொருவர் அவர் வாயை அடைப்பார், அடைத்தவர் வாயை இன்னொருவர் அடைப்பார், கடைசியில் யார் பேசுகிறார் யார் அடைக்கிறார் என்று தெரியாது. பேச்சுரிமை பற்றியது என்று குழுவை நடத்தும் மாஸ்டர் கருணாகரன் பத்திரிகைக்காரர்களிடம் சொல்வார். அதே மாஸ்டர் இந்திராணியிடம் வந்து, எழுதும்போது பார்த்து எழுதும்மா என்பார். ஏனென்றால் மேடையில் ஏறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் தாளில் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பியதுதான் மேடையில் நடக்கிறதா என்று அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பேச்சை எழுதுவது சுலபம், பேசுவதை எழுதினால் ஆயிற்று. ஆட்டத்தை எப்படி எழுதுவது? பன்னிரண்டு வருஷமாக இந்திராணிதான் எழுதுகிறாள். கோபத்தில் தரையை உதைக்கிறான் என்றால், தாளத்துக்கு ஏற்பக் காலடி வைக்கிறார். வாயில் துணியைத் திணிக்கிறாள் என்றால், துணியை முகத்தருகே கொண்டுசெல்கிறார். அவள் எழுதியதைப் படித்தால் உலகத்தில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, எல்லோரும் கையை உயர்த்துகிறார்கள், பிறகு இறக்குகிறார்கள். இதற்கு ஒரு கைவரிசை வேண்டும். ஆனால் இதற்குக் கைதட்டல் கிடையாது, மாலை கிடையாது, நிகழ்ச்சிக் கையேட்டில் கடைசிப் பக்கத்தில், மண்டபத்துக்கு நன்றி ஒலிபெருக்கிக்கு நன்றி என்பதற்குக் கீழே, ஆவண உதவி இந்திராணி என்று ஒரு வரி உண்டு. முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை அவள் மனப்பாடமாக அறிவாள், கண்ணை மூடினாலும் எழுத்து தெரியும். ‘கௌண்டர்’, தனி நடனம், ஆக்கமும் ஆட்டமும் லிம் ஹுய் மின். ஆக்கமும். அந்த உம்மில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

அதோ நிற்கிறாள், வரிசையில் கடைசியில், இன்னும் தன் முறை வராமல். வரிசையில் கடைசியில் நின்றாலும் கண் அங்கேதான் போகிறது, என்ன செய்வது. முப்பது வயது. அரைமண்டி உட்கார்ந்தால் யாரோ நாற்காலி போட்டுக் கொடுத்ததுபோல உட்கார்ந்திருப்பாள், முழங்கால் முனகாது. இந்திராணிக்கு நாற்பத்தாறு, அவள் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முனகும். வயதை விடு, வயது எல்லோருக்கும் வரும், இவளுக்கும் வரும், வரட்டும். வயது இல்லை விஷயம். ஐந்து வயதிலிருந்து ஆடினாள் இந்திராணி, இருபத்தெட்டு வருஷம் ஆடினாள், பொண்ணு நல்லா ஆடுது என்றார்கள், தமிழ்ப் பெண் பரதம் ஆடுவதில் என்ன அதிசயம், இட்லி அவிப்பதுபோல. ஹுய் மின் வந்தாள். கிள்ளானில் அவள் அப்பாவின் இரும்புக்கடைக்கு அடுத்த கட்டடம் தமிழ்ப் பள்ளிக்கூடம், சாலையைக் கடக்க வேண்டாம் என்று பிள்ளையை அங்கேயே சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான் கதை. ஆனால் அவள் மேடையில் வந்து வணக்கம் என்று சொன்னதும் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. வணக்கத்துக்கு! இந்திராணி எத்தனை வணக்கம் சொல்லியிருப்பாள், ஒருத்தராவது நாற்காலியை விட்டு அசைந்ததுண்டா? வானொலியில் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள், சீனப் பொண்ணு எவ்வளவு அழகா ழகரம் சொல்லுது பாருங்க என்றார்கள், கல்யாண வீடுகளில் மாமிகள் இவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். இந்திராணியும் கிள்ளினாள், எல்லோரையும்விட முதலில் கிள்ளினவள் அவள்தான், பதினாறு வயதில் இவளுக்குச் சலங்கை கட்டிவிட்டவள் அவள்தான். அதையும் சொல்ல வேண்டும். அக்கா அக்கா என்று காலைச் சுற்றிக்கொண்டு திரிந்த பிள்ளை. இப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை, குறை கண்டுபிடிக்க முடியாதது பெரிய குறை.

ஆறாம் பக்கம். புவான் ரோஹானா சரி போட்டார். ஏழு. மேடையில் ஒருவன் மலாயில் தன் பெயரைச் சொன்னான், இன்னொருவன் சீனத்தில் அதையே திருத்திச் சொன்னான், மூன்றாமவன் ஆங்கிலத்தில் இரண்டு பேருடையதையும் தப்பாகச் சொன்னான், புவான் லேசாகச் சிரித்தார். சிரிக்கிறார், நல்ல மனுஷி. ஏதாவது ஒரு அரசாங்கக் கௌண்டரில் இந்த மாதிரி ஒரு மனுஷி இருந்திருந்தால் அம்மா... வேண்டாம், அம்மாவை இப்போது எடுக்க வேண்டாம், பதினேழாம் பக்கத்துக்கு இன்னும் பத்துப் பக்கம் இருக்கிறது. ஆனால் நினைப்பு கேட்டுக்கொண்டா வருகிறது. சிவப்பு அட்டை. இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீல அட்டை, குடிமக்கள் ஆகாமல் தங்கியிருப்பவர்களுக்குச் சிவப்பு. அம்மா இங்கேதான் பிறந்தாள், ரப்பர் தோட்டத்தில், பிரசவம் பார்த்தவள் பதிந்துவைக்க மறந்துபோனாள், பிறந்ததற்குத் தாள் இல்லை, தாள் இல்லாததால் சிவப்பு. இருபத்திரண்டு வருஷம் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் தாள்களைப் போட்டுக்கொண்டு நீலத்துக்காக அலைந்தாள். லீவு நாளில் இந்திராணியும் கூடப் போவாள், மொழிபெயர்க்க. ஒன்பது வயது, பத்து வயது. அப்போதுதான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்ய ஆரம்பித்தாள். கௌண்டரில் இருப்பவர் தமிழராக இருந்தால் கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பிக் கும்பிடுவாள். மலாய்க்காரராக இருந்தால் இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து ஏந்துவாள். சீனராக இருந்தால் ஊதுபத்தி பிடித்ததுபோல இரண்டு கையையும் சேர்த்து முன்னும் பின்னும் ஆட்டுவாள். வரிசையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள், சிலர் சிரிப்பார்கள், இந்திராணி அம்மாவை விட்டு நான்கடி தள்ளிப் போய் நின்றுகொள்வாள், யாரோ ஒருத்தி என்பதுபோல. ஒருநாள் பஸ்ஸில் கேட்டே விட்டாள். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள், அவங்கவங்க சாமிகிட்ட கேக்கற மாதிரி கேட்டா மனசு எறங்கும்டி. இறங்கவில்லை. ஒரு மனசும் இறங்கவில்லை, மனசின் கையில் அது இல்லை, மேலே அனுப்ப வேண்டும், மேலிருந்து வர வேண்டும்.

பதினாறு வருஷத்துக்கு முன்பு, இல்லை, பதினான்கு, ஹுய் மினுக்குப் பதினாறு அப்போது, அதனால் பதினான்கு. இந்திராணி தனியாக ஒரு நிகழ்ச்சி செய்தாள். அதில் அம்மாவை ஆடினாள், நான்கு நிமிஷம். ஒரு பெண், ஒரு கௌண்டர், மூன்று விதமான கை. பயிற்சி அறையில் ஆடிப் பார்க்கும்போது அவளுக்கே இது நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்தது, ஆடுகிறவர்களுக்கு அது தெரியும், வாழ்நாளில் ஒன்றிரண்டு தடவைதான் அப்படித் தெரியும். பிறகு எழுதி அனுப்ப வேண்டிய நாள் வந்தது. அம்மாவின் கடைசி விண்ணப்பம் அப்போது உள்ளே இருந்தது. யாராவது பார்த்து, யார் இந்தப் பெண், எந்தக் கௌண்டர், யார் வீட்டு அம்மா என்று கேட்டுவிட்டால்? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நாற்பது பேர் வந்த நிகழ்ச்சி. ஆனால் பயம் கணக்குப் பார்த்தா வருகிறது. யாரும் வெட்டச் சொல்வதற்கு முன்னால் அவளே வெட்டினாள், வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பேனாவால் ஒரு கோடு போட்டாள், நான்கு நிமிஷம் போயிற்று. மீதி ஒரு கீறல் இல்லாமல் அனுமதியாகி வந்தது. நாற்பது பேரும் தட்டிவிட்டுப் போனார்கள், ஒருத்தருக்கும் இன்று நினைவில்லை. அம்மா அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தாள், சிவப்பு அட்டையோடுதான் போனாள். அந்தக் கோடு யாரைக் காப்பாற்றியது என்று இந்திராணி தன்னையே கேட்டுக்கொள்ளாத வாரம் இல்லை. பயிற்சி அறையின் மூலையில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அந்த நான்கு நிமிஷத்தைப் பார்த்தது ஒரே ஒரு பிள்ளை. பார்த்த பிள்ளை மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் போன் வந்தது. அக்கா, அந்த கௌண்டர் டான்ஸ் நீங்க செய்யலைன்னா நான் எடுத்துக்கவாக்கா? இந்திராணி அடுப்பில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள், எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துக்கோ, சும்மா செஞ்சதுதானே என்றாள். சும்மா செஞ்சது. தேங்க்ஸ்க்கா என்று அவள் வைத்துவிட்டாள், அப்பளமும் கருகவில்லை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. எடுத்துக்கோ. ஏன் அப்படிச் சொன்னாள்? பழைய புடவையைத் தூக்கிக் கொடுப்பதுபோல. அம்மாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள்.

பதினொன்று, பன்னிரண்டு. பக்கம் வேகமாகப் போகிறது, கொஞ்சம் மெதுவாக ஆடக் கூடாதா இவர்கள்? போன வாரம் பதினேழாம் பக்கத்தைக் கணினியில் அடிக்கும்போது அவள் முதலில் உண்மையைத்தான் அடித்தாள். அந்தப் பெண் கௌண்டரைக் கும்பிடுகிறாள், இந்துவாக, இஸ்லாமியராக, சீனராக. அடித்துவிட்டுப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை அப்படியே அனுப்பினால் இந்த நான்கு நிமிஷம் நிச்சயம் போகும், சமயம் என்ற ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் எந்தப் பென்சிலும் நிற்கும். போகட்டும். எனக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் எதற்கு? ஆனால் உடனே இன்னொரு நினைப்பு வந்து கையைப் பிடித்தது. போன வருஷம் வேறு ஒரு குழுவில் ஒருத்தியின் இரண்டு நிமிஷத்தை வெட்டினார்கள். வெட்டிய மறுநாளிலிருந்து அவள் பெரிய ஆளாகிவிட்டாள். கருத்தரங்கத்துக்குக் கருத்தரங்கம் போய்ப் பேச்சுரிமை பற்றிப் பேசுகிறாள், மெல்பர்னுக்குப் போய்விட்டு வந்தாள், வெட்டாமல் விட்டிருந்தால் தெருமுனைக்குப் போயிருப்பாளா? வெட்டினால் ஹுய் மினுக்குப் புகழ், வெட்டாவிட்டால் ஹுய் மினுக்குக் கைதட்டல். பொறாமைப்படுகிறவளுக்கு நிற்க ஒரு சாண் இடம்கூட விட்டுவைக்காத பெண். கடைசியில் இந்திராணி அழித்தாள், பழக்கதோஷம், கைகள் உயர்த்தப்படுகின்றன, விரிக்கப்படுகின்றன, சேர்க்கப்படுகின்றன, மூன்று முறை என்று அடித்து அனுப்பினாள். அது அன்பா வன்மமா? உண்மையை எழுதினால் வன்மம் என்றால், பொய்யை எழுதியது அன்பாக இருக்க வேண்டுமே. ஆனால் எழுதி முடித்ததும் அவளுக்கு ஒரு திருப்தி வந்தது, அது அன்பின் திருப்தி இல்லை. தாளிலாவது உன் ஆட்டம் ஒன்றுமில்லை என்கிற திருப்தி.

பதினாறு. வரிசை கலைந்து எல்லோரும் பின்னால் போனார்கள். திருப்பு. பதினேழு. திருப்பும்போது தாள் ஒட்டிக்கொண்டது, விரலை நாக்கில் தொட்டுத் திருப்பினாள். ஹுய் மின் நடுவே வந்தாள். பாட்டு இல்லை, இந்திராணி அன்று பாட்டில்லாமல்தான் செய்தாள், அதையும் எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கோ என்றால் எல்லாவற்றையும்தானே. ஒரு பெண் நிற்கிறாள், கக்கத்தில் இல்லாத ஒரு பையை இடுக்கிக்கொண்டு. வரிசை நகர்கிறது, அவளும் நகர்கிறாள். பையை அவள் இடுக்கிய விதத்தை இந்திராணி நாற்காலியில் முன்னால் நகர்ந்து பார்த்தாள். இடது தோள் கொஞ்சம் தூக்கி. அம்மாவின் இடது தோள் கொஞ்சம் தூக்கியிருக்கும், தோட்டத்தில் வாளி தூக்கிய தோள். இந்திராணி ஆடியபோது அந்தத் தோளை வைக்கவில்லை, அவளுக்கு அது தோன்றவே இல்லை, வாளி தூக்காத உடம்பு அவளுடையது, படிக்கவைத்த உடம்பு. இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்? இவள் அம்மாவைப் பார்த்ததே இல்லை. கை மேலே போயிற்று, தலைக்கு மேல் கூப்பியது. இறங்கியது. நெஞ்சுக்கு முன்னால் விரிந்தது. இந்திராணி அன்று இந்த இடத்தில் கண்ணை மூடினாள், உருக்கமாக இருக்கட்டும் என்று. ஹுய் மின் மூடவில்லை, கௌண்டரில் இருப்பவரின் முகத்தையே பார்த்தாள், மனசு இறங்குகிறதா என்று சரிபார்க்கிற பார்வை, சந்தைக்காரியின் பார்வை, அதுதான், அதேதான், அம்மா அப்படித்தான் பார்ப்பாள், பக்தி எல்லாம் ஒன்றும் கிடையாது அந்தப் பார்வையில். பிறகு கைகள் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடின. என்னைவிட நன்றாக ஆடுகிறாள். சரி. இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இந்த இடத்தில் வந்து முட்டி நின்றது. என் அம்மாவை என்னைவிட நன்றாக ஆடுகிறாள், நான்கடி தள்ளிப் போய் நிற்காததால் ஆடுகிறாள். நான் நாலு நிமிஷத்தை வெட்டியிருக்க வேண்டாம், வெட்டாமல் ஆடியிருந்தாலும் இந்த அளவு ஆடியிருக்க மாட்டேன். இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று இந்திராணிக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கறிபாப் பாதி அவள் கையில் கசங்கி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தது.

பென்சில் நின்றுவிட்டது என்பதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். புவான் ரோஹானா தாளைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அவருடைய இடது உள்ளங்கை மடியிலிருந்து ஒரு விரற்கடை எழுந்து விரிந்திருந்தது, அவருக்கே தெரியாமல். குனிந்து மலாயில் கேட்டார், இது துஆவா என்று. பிரார்த்தனையா என்று. இந்திராணி காத்திருந்த கேள்வி. ஒரு வாரமாக இதற்கு மூன்று பதில் வைத்திருந்தாள். முடியட்டும் புவான் என்றாள். முடிந்தது. மேடை விளக்கு எரிந்தது, இன்னும் மூன்று பக்கம் பாக்கி இருந்தும் புவான் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மாஸ்டர் கருணாகரன் ஓடிவந்தார், வழவழவென்று சிரித்துக்கொண்டு, அது சும்மா ஒரு அசைவு புவான், அர்த்தம் எதுவும் கிடையாது என்றார். அவர் சொல்லிக் கேட்டபோதுதான் அந்த வாக்கியம் எவ்வளவு அசிங்கமானது என்று இந்திராணிக்கு உறைத்தது, பன்னிரண்டு வருஷமாக அவள் எழுதிக்கொடுத்த வாக்கியம் அது. புவான் கோபப்படவில்லை. நான் இதைத் தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் நான் பார்த்தது இந்தத் தாளில் இல்லை என்றார். இதன் அர்த்தத்தைத் தனித் தாளில் எழுத வேண்டும், ஆக்கியவர் தன் பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும், அது அனுமதிக் குழுவுக்குப் போகும், வைக்கலாமா எடுக்கலாமா என்று அவர்கள் சொல்வார்கள். நாளைக்கு யாராவது புகார் செய்தால் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள், அதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு கேட்டார், யார் ஆக்கியது?

மாஸ்டர் ஹுய் மினைப் பார்த்தார். எட்டுப் பேரும் பார்த்தார்கள். ஹுய் மின் மேடை ஓரத்துக்கு வந்தாள், முகத்தில் வியர்வை, பயந்துதான் இருந்தாள், ஆனால் வாயைத் திறந்தாள். அந்த வாய் திறந்ததை இந்திராணி பார்த்தாள். நான் என்று சொல்லப் போகிறாள். என் அம்மாவின் கையைப் பற்றி, ஒரு அரசாங்க அதிகாரியிடம், என் முன்னால், நான் என்று சொல்லப் போகிறாள். அந்த நொடியில் இந்திராணிக்குப் பேச்சுரிமை நினைவில் இல்லை, நியாயம் இல்லை, குழுவின் மானம் இல்லை, சின்னப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணம் சத்தியமாக இல்லை. கடையில் தன் பொருளின் மேல் இன்னொருத்தி கை வைத்தால் வருமே, அதுதான் வந்தது.

“நான்தான்,” என்றாள் இந்திராணி. “ஆக்கினது நான். ஆடறது மட்டும்தான் அவ.”

புவான் விளக்கையும் ஒரு வெள்ளைத் தாளையும் அவள் பக்கம் நகர்த்தினார், பென்சிலைக் கொடுக்கப் போய், யோசித்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். இந்திராணி எழுதினாள். பழக்கத்தில் கை, நடனமணி நடுவே வருகிறார் என்று ஆரம்பித்தது. அடித்தாள். பிறகு எழுதினாள், மலாயில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற சின்னச் சின்ன வாக்கியங்களாக. இந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. இவள் என் அம்மா. பிறந்த தாள் இல்லாததால் இருபத்திரண்டு வருஷம் கௌண்டர்களுக்குப் போனாள். உள்ளே இருந்தவர்கள் தங்கள் கடவுளிடம் எப்படிக் கேட்பார்களோ அப்படி அவர்களிடம் கேட்டாள். கேலி செய்வதற்கு இல்லை, கிடைக்கும் என்று நம்பினாள். நான் வெட்கப்பட்டுத் தள்ளி நின்றேன். பேர், அட்டை எண், கையெழுத்து. எழுதி முடித்துப் பார்த்தால் பாதிப் பக்கம்கூட இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் மேடையில் நடந்ததை நடந்தபடி அவள் எழுதியது இந்தப் பாதிப் பக்கம்தான். புவான் ரோஹானா மெதுவாகப் படித்தார், இரண்டு தடவை படித்தார். சரி போடவில்லை, கோடும் போடவில்லை, மடித்து உறையில் வைத்தார். நான் ஒருத்தி மட்டும் முடிவு செய்வதில்லை, இரண்டு வாரம் ஆகும் என்றார். போகும்போது இந்திராணியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மண்டப வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த உறை கதவுக்கு வெளியே போனபோதுதான் இந்திராணிக்குப் பயம் பிடித்தது. வெட்டிவிடுவார்களோ? ஒரு வாரமாக வெட்டட்டும் வெட்டட்டும் என்று உள்ளுக்குள் ஓதிக்கொண்டிருந்தவள், ஓடிப்போய் அந்த மனுஷியை நிறுத்தி, வெட்டிவிடாதீர்கள் என்று கெஞ்சலாமா என்று நினைத்தாள். பதினான்கு வருஷம் கழித்து அதே பயம், அதே நான்கு நிமிஷத்துக்கு. ஆனால் இந்தத் தடவை பேனா அவள் கையில் இல்லை.

மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். மாஸ்டர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். ஹுய் மின் மேடையை விட்டு இறங்கி வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

“எனக்காகத்தானக்கா சொன்னீங்க? பழி எம்மேல வரக் கூடாதுன்னுதானே?”

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. எவ்வளவு சுலபம். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறவளுக்கு இப்படி ஒரு பேர் தட்டில் வைத்து வருகிறது, தங்கையைக் காப்பாற்றிய அக்கா, இன்று சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், வானொலியில்கூடக் கூப்பிடுவார்கள். ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது.

“உனக்காக இல்ல,” என்றாள் இந்திராணி. “அது என்னோடது. அது எங்கம்மா.”

ஹுய் மினின் கை முழங்காலை விட்டது. அவளுக்கு யாரும் இதைச் சொன்னதில்லை, இரண்டு வருஷமாக ஒரு பெண்ணை ஆடுகிறாள், அந்தப் பெண்ணுக்கு ஒரு வீடும் ஒரு மகளும் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. “அப்ப ஏன்க்கா எடுத்துக்கோன்னு சொன்னீங்க?” என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

பயம், வெட்கம், அம்மாவின் விண்ணப்பம், காய்ந்துகொண்டிருந்த எண்ணெய் என்று எல்லாக் காரணமும் இந்திராணியிடம் தயாராக இருந்தன, எல்லாமே உண்மைதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

“நீ இவ்வளவு நல்லா ஆடுவேன்னு நான் நெனக்கல.”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள ஹுய் மின் சின்னப் பிள்ளை இல்லை. முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. எழுந்து போய்விடுவாள் என்று இந்திராணி நினைத்தாள், போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாடம் கேட்கிற பழைய குரலில், “அவங்க பேரு என்னக்கா?” என்றாள்.

இந்திராணி வாயைத் திறந்தாள். முன்பின் தெரியாத அதிகாரியிடம் தாளில் எழுதிக் கொடுத்த பெயர், முகம் தெரியாத ஒரு குழுவே படிக்கப்போகிற பெயர். அதை இவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

“அப்புறம் சொல்றேன்,” என்றாள்.